கோலம் விழாத வாசல்: அயல் பண்பாட்டுக் கொலைக் கதைகளில் எதை முதலில் வாசிப்பது?

மார்கழியில் விடிந்து வெகுநேரமாகியும் ஒரு வீட்டு வாசலில் கோலம் விழவில்லை என்று ஒரு துப்பறியும் கதை தொடங்கினால், தமிழ் வாசகருக்கு அதற்குமேல் எதையும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் சாவு நேர்ந்திருக்க வேண்டும், அல்லது கோலம் போட வர வேண்டியவர் வர முடியாத நிலையில் கிடக்க வேண்டும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடும். அதே வரியை ஒரு பின்லாந்துக்காரர் வாசித்தால் வாசலைப் பற்றிய வர்ணனை என்று நினைத்துத் தாண்டிப் போவார். துப்பு காலடியிலேயே கிடந்தும் அவருக்குத் தட்டுப்படாது. அயல் பண்பாட்டில் நடக்கும் கொலைக் கதையை எடுக்கும்போது அந்தப் பின்லாந்துக்காரரின் நிலையில்தான் நாம் இருக்கிறோம்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஆறு பேர் இருக்கிறோம். மாதம் ஒரு நூல் என்பது வழக்கம். இங்கிலாந்தின் மாளிகையும் அமெரிக்காவின் மழைத் தெருவும் இல்லாத ஒரு கொலை மர்ம நாவலை அடுத்த மாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது வரை ஒருமனதாக முடிவாயிற்று. எந்த நாவல் என்பதில் மட்டும் ஒற்றுமை ஏற்படவில்லை. முன்மொழியப்பட்ட நான்கையும் ஏற்கெனவே வாசித்தவன் என்ற முறையில், ஒப்பிட்டு எழுதித் தரும் பொறுப்பு என்மேல் விழுந்தது. கொலையாளி யார் என்பதை எங்கும் வாய்தவறியும் சொல்லாமல் எழுதியிருக்கிறேன் என்ற உறுதியை முதலிலேயே தந்துவிடுகிறேன்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். துப்பறியும் கதையில் ஆசிரியருக்கும் வாசகருக்கும் இடையே எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு: துப்பறிபவர் கண்ணில் பட்டதெல்லாம் வாசகர் கண்ணிலும் பட வேண்டும். கதை நமக்குத் தெரிந்த ஊரில் நடந்தால் அதுவே போதும். தெரியாத ஊரில் நடந்தால், கண்ணில் படுவது மட்டும் போதாது. எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறானது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் வந்து, ‘அந்த நாட்டில் இப்படிச் செய்ய மாட்டார்கள், எனவே இவரே குற்றவாளி’ என்று ஆசிரியர் சொன்னால் அது ஏமாற்று வேலை. ஆகவே, அந்தந்த நூல் தன் ஊரின் வழக்கத்தை எப்போது, யார் வாயிலாக, எவ்வளவு நேர்மையாக நமக்குக் கற்றுக்கொடுக்கிறது என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். நடை, விறுவிறுப்பு, பக்க அளவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஐந்தாவதாக ஒரு நூலும் பேச்சில் அடிபட்டது; அதை இங்கேயே கழித்துவிடலாம். அகதா கிறிஸ்டி, கி.மு. 2000 வாக்கிலான எகிப்தைக் களமாக வைத்து எழுதிய ‘டெத் கம்ஸ் அஸ் தி எண்ட்’ என்ற நாவல் 1940களில் வெளிவந்தது. எகிப்தியவியல் அறிஞர் ஒருவரின் தூண்டுதலில், உண்மையான பழங்காலக் கடிதங்களை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டது என்பது அதன் பெருமை. ஆனால் நைல் நதியையும் கல்லறைப் பூசாரி என்ற பதவியையும் எடுத்துவிட்டால், சொத்துக்காக அடித்துக்கொள்ளும் ஆங்கிலக் குடும்பம் ஒன்றுதான் எஞ்சும் என்று எனக்குப் பட்டது. வாசிக்கச் சுவையாகவே இருக்கிறது. எகிப்தைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏற்றதன்று.

முதல் முன்மொழிவு, ராபர்ட் வான் குலிக் எழுதிய நீதிபதி டீ வரிசை. வான் குலிக் (1910–1967) டச்சுத் தூதரக அதிகாரி; சீன மொழியில் ஆழ்ந்த புலமை உடையவர். பழைய சீனத் துப்பறியும் நாவல் ஒன்றை மொழிபெயர்த்து 1949இல் வெளியிட்ட பிறகு, அதே நாயகனை வைத்துத் தாமே நாவல்கள் எழுதத் தொடங்கினார். நாயகனும் கற்பனை மனிதர் அல்லர். டீ ரென்ஜியே (630–700) என்பவர் தாங் வம்சக் காலத்தில் வாழ்ந்து, பேரரசி வூவின் அமைச்சர் பதவி வரை உயர்ந்தவர். வட்டத்தில் முன்மொழியப்பட்டது இந்த வரிசையில் வரும் ‘தி சைனீஸ் கோல்டு மர்டர்ஸ்’. இளைஞரான டீ, கடலோரப் பட்டணமான பெங்லாய்க்கு முதன்முறையாக மாவட்ட நீதிபதியாகப் பொறுப்பேற்க வருகிறார். அவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்தவர், தம் நூலக அறையில் தாமே கொதிக்க வைத்துத் தாமே தயாரித்த தேநீரில் இருந்த நஞ்சால் இறந்திருக்கிறார். இலையில் நஞ்சில்லை, அறைக்குள் வேறு யாரும் வரவும் இல்லை என்றால் நஞ்சு எங்கிருந்து வந்தது என்பது கேள்வி.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது கொலையைக் காட்டிலும் அந்த நீதிபதியின் அலுவல்தான். காவல் விசாரணை, வழக்குத் தொடுப்பு, தீர்ப்பு ஆகிய மூன்றும் ஒரே மனிதரின் மேசையில் வந்து சேர்கின்றன. குற்றவாளி தன் வாயால் ஒப்புக்கொள்ளாமல் தண்டனை விதிக்க முடியாது. ஒப்புக்கொள்ள வைக்கச் சித்திரவதைக்குச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் நிரபராதி ஒருவர் சித்திரவதையில் இறந்துபோனால் நீதிபதியே தண்டனைக்கு ஆளாவார். இந்த மூன்று விதிகளையும் சேர்த்துப் பார்த்தால், கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் ஏன் இன்னும் சில அத்தியாயங்கள் மீதமிருக்கின்றன என்பது புரியும். மேலைநாட்டுக் கதையில் துப்பறிபவர் விரலை நீட்டியதும் கதை முடிந்துவிடுகிறது. இங்கே நீட்டிய விரலை மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவருக்கே இருக்கிறது. போதாக்குறைக்கு, ஒரே நேரத்தில் மூன்று வழக்குகள் வந்து குவிகின்றன. தாலுகா அலுவலகத்தின் வாசலில் ஒருநாள் நின்று பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இருக்காது.

நேர்மை என்ற அளவுகோலில் இந்த நூல் நல்ல மதிப்பெண் பெறுகிறது. முகப்பிலேயே பாத்திரப் பட்டியல் இருக்கிறது; எந்த வழக்கில் யார் யார் வருகிறார்கள் என்பதும் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது. ஊரின் வரைபடமும், ஆசிரியரே பழைய சீன மரச்செதுக்குப் பாணியில் வரைந்த படங்களும் உண்டு. சீனத்துப் பழங்கதைகளில் குற்றவாளி யார் என்பது தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடுவதும், பேய்கள் வந்து சாட்சி சொல்வதும் சகஜம். வான் குலிக் தம் நாவல்களில் முதலாவதைக் கைவிட்டு, இரண்டாவதை வெகுவாகக் குறைத்துக்கொண்டார். அதாவது சீன வீட்டை மேலைநாட்டு அடித்தளத்தின்மேல் கட்டியிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டுக் கதையில் மக்கள் உடுத்துவதும் பழகுவதும் பல நூற்றாண்டுகள் பிந்திய மிங் காலத்து முறைப்படி இருக்கும். பழைய சீன நாவலாசிரியர்களும் அப்படித்தான் எழுதினார்கள் என்று அவரே பின்னுரையில் ஒப்புக்கொள்கிறார். பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் பாவம், அல்லது பாவிகள். இரண்டுக்கும் இடைப்பட்டவர்கள் குறைவு. இது இன்று வாசிக்கும்போது உறுத்துகிறது.

இரண்டாவது, ஓர்ஹான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’. துருக்கியில் 1998இல் வெளிவந்த இந்நாவல், ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் காலச்சுவடு வெளியீடாகத் தமிழிலேயே கிடைக்கிறது. எங்கள் வட்டத்தில் இருவர் ஆங்கிலத்தில் நாவல் வாசிப்பதை விரும்பாதவர்கள் என்பதால் இது சாதாரண அனுகூலமன்று. 1591ஆம் ஆண்டு, பனி கொட்டும் இஸ்தான்புல். சுல்தானின் ஓவியக்கூடத்தைச் சேர்ந்த பொன்முலாம் கலைஞர் ஒருவர் கொல்லப்பட்டுக் கிணற்றில் கிடக்கிறார். முதல் அத்தியாயத்தில் பேசுவதே அந்தப் பிணம்தான். பிறகு நாய் பேசுகிறது, மரம் பேசுகிறது, செல்லாக்காசு பேசுகிறது, சிவப்பு நிறம் பேசுகிறது. கொலையாளியும் தன்னை இன்னாரென்று காட்டிக்கொள்ளாமல் பேசுகிறான். சந்தேகத்துக்கு உரியவர்கள் வண்ணத்துப்பூச்சி, நாரை, ஆலிவ் என்ற பட்டப்பெயர்களை உடைய மூன்று ஓவியர்கள்.

இங்கே துப்பு என்பது கைரேகையோ காலடித் தடமோ அன்று, ஓவியத்தின் பாணி. ஆனால் அந்த ஓவிய மரபில் தனிப் பாணி என்பதே குறையாகக் கருதப்படுகிறது. ஹெராத் நகரத்துப் பழைய ஆசான்கள் வரைந்த குதிரையை அப்படியே, தன் கை தெரியாமல் வரைபவனே பெரிய கலைஞன். மறுபுறம், இத்தாலிய ஓவியர்கள் ஒரு மனிதனை அவனாகவே அடையாளம் தெரியும்படி வரைகிறார்கள் என்ற செய்தி இஸ்தான்புல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது ஆசையையும் அச்சத்தையும் ஒருசேரக் கிளப்புகிறது. கொலை அந்த இடுக்கில்தான் நடக்கிறது. தன்னை மறைத்துக்கொள்வதே தொழிலாகக் கொண்டவர்களிடையே ஒருவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற இந்தப் புதிரைவிட அழகான புதிரை நான் எந்தக் கொலைக் கதையிலும் கண்டதில்லை.

தமிழ் வாசகருக்கு மட்டுமே தட்டுப்படக்கூடிய ஓர் இடமும் இதில் இருக்கிறது. எல்லோரும் ‘எனிஷ்டே’ என்று அழைக்கும் முதியவர், ‘கருப்பு’ என்ற பெயருடைய நாயகனுக்குத் தாயுடன் பிறந்தவளின் கணவர். ஆங்கிலத்தில் இந்த உறவைச் சொல்ல ஒரு வாக்கியமே வேண்டியிருக்கிறது. நமக்கோ சித்தப்பா, பெரியப்பா என்று சொல் தயாராக இருக்கிறது. ஆனால் அந்த வசதியே ஓர் இடறலாகவும் ஆகிறது: கருப்பு பன்னிரண்டு ஆண்டுகளாக நெஞ்சில் சுமந்திருக்கும் ஷெகூரே அந்த எனிஷ்டேயின் மகள். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் கணக்கில் அவள் அவனுக்குத் தங்கை முறை. மாமன் மகளாக இருந்திருந்தால் நாம் புருவத்தை உயர்த்தியிருக்க மாட்டோம். துருக்கிய வாசகருக்கு இது ஒரு பொருட்டே இல்லை; நாவலின் புதிருக்கும் இதற்கும் தொடர்பில்லை. இருந்தாலும் அயல் பண்பாடு என்பது மசூதிக் கோபுரத்திலும் தலைப்பாகையிலும் இல்லை, முறை சொல்லி அழைப்பதில் இருக்கிறது என்பதை நான் உணர்ந்த இடம் இதுதான்.

ஆயினும் துப்பறியும் கதை என்று எதிர்பார்த்து எடுப்பவர்களை இந்நூல் சோதிக்கும். ஒரே கேள்விக்கு மூன்று உவமைக் கதைகளாக விடை சொல்வார்கள். பாரசீகக் காவியங்களின் காதலர்கள் நடுநடுவே வந்து போவார்கள். கொலையாளியைப் பற்றிய ஆர்வம் நூறு பக்கங்களுக்கு ஒருமுறை தணிந்துவிடும். வழக்கங்களை இந்நூல் தாராளமாகவே கற்றுக்கொடுக்கிறது, ஆனால் தேவையானதையும் தேவையில்லாததையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறுகிறது. ஒரு மாதத்தில் ஆறு பேரும் முடித்துவிடுவார்கள் என்று என்னால் உறுதி கூற இயலாது.

மூன்றாவது, ஜப்பானியர் செய்ஷி யோகோமிசோவின் ‘தி ஹோன்ஜின் மர்டர்ஸ்’. 1946இல் தொடராக வந்த இந்தக் கதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2019இல்தான் வெளியாயிற்று. 1937ஆம் ஆண்டு, ஒகாயாமா பகுதியில் ஒரு கிராமம். முற்காலத்தில் தலைநகருக்குப் பயணம் போகும் பிரபுக்கள் தங்கிச் செல்லும் மாளிகைக்கு ஹோன்ஜின் என்று பெயர். அத்தகைய மாளிகையை நடத்திய பரம்பரை என்ற பெருமையை இன்னும் தோளில் சுமக்கும் குடும்பத்தில் ஒரு திருமணம் நடக்கிறது. அன்றிரவே, பனி விழுந்து மூடிய தோட்டத்தின் நடுவிலுள்ள தனிக்கட்டு வீட்டில் மணமக்கள் வெட்டுண்டு கிடக்கிறார்கள். கதவுகள் உள்ளே பூட்டியிருக்கின்றன. பனியில் காலடித் தடம் இல்லை; கல்விளக்கின் அருகே வாள் மட்டும் செங்குத்தாக நிற்கிறது. அலறலோடு சேர்ந்து கேட்டது, கோட்டோ என்ற பதின்மூன்று நரம்பு இசைக்கருவியை யாரோ வெறிகொண்டு மீட்டிய ஓசை. அதை மீட்டுபவர்கள் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றிலும் செயற்கை நகம் மாட்டிக்கொள்வார்கள். தங்கநிறத் திரையில் பதிந்திருக்கும் இரத்தக்கறையும் மூன்று விரல்களுக்கு உரியது. இதற்குமேல் சொன்னால் நான் கொடுத்த வாக்கை மீறியவனாவேன்.

இந்நூலை ஆசிரியர் வெளிநாட்டாருக்காக எழுதவில்லை. மரமும் காகிதமும் கொண்டு கட்டும் ஜப்பானிய வீட்டில் பூட்டிய அறைக் கொலை அமைப்பது எவ்வளவு கடினம் என்று உள்ளூர் வாசகரிடம் பேசுவதுபோலவே கதைசொல்லி பேசுகிறார். எனவே வீட்டின் அமைப்பு, நகர்த்தும் கதவு, மழைக்காப்புப் பலகை, கூரையை ஒட்டிய மரச் சட்டகம் ஆகியவை மனத்தில் பதியச் சிறிது நேரம் எடுக்கும். நான் ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். இவ்வளவு இருந்தும், கதையின் உயிரான பகுதியை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மணப்பெண் படித்தவள், ஆசிரியை; ஆனால் விவசாயக் குடும்பத்துப் பெண். அவளைப் பழத்தோட்டம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் தன் மகளைப்போல் வளர்த்திருக்கிறார். ‘என்ன குடும்பம், என்ன வம்சம்’ என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். மாப்பிள்ளை ஒருவர் மட்டுமே பிடிவாதமாக நின்று திருமணத்தை நடத்துகிறார். கல்யாணக் கூடத்தில் யார் யார் வரவில்லை என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கும் இருப்பதால், அந்தப் பக்கங்கள் அயல்நாட்டில் நடப்பதாகவே தோன்றவில்லை. ‘எப்படி’ என்ற கேள்விக்கான விடை சற்றுச் சிக்கலான எந்திர வேலையாக இருக்கிறது, அதை நம்ப எனக்குச் சிரமமாகவே இருந்தது. ‘ஏன்’ என்ற கேள்விக்கான விடை நெடுநாள் தொந்தரவு செய்தது. பக்கங்களும் குறைவு, இரண்டு மாலைப்பொழுதுகள் போதும்.

நான்காவது, டோனி ஹில்லர்மேன் 1973இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டு மர்மக் கதைகளுக்கான எட்கர் விருது பெற்ற ‘டான்ஸ் ஹால் ஆஃப் தி டெட்’. அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மாநிலங்களில் பரந்து கிடக்கும், நவஹோ என்னும் பழங்குடி மக்களின் பகுதியான நவஹோ நாட்டின் பரப்பு, தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். அவ்வளவு நிலத்துக்கும் பொறுப்பான நவஹோ காவல்துறையில் ஜோ லீப்ஹார்ன் ஓர் அதிகாரி. ஆனால் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பழங்குடி நிலத்தில் நடக்கும் கொலை மத்திய அரசின் விசாரணைக்கு உரியது. ஊரும் மொழியும் தெரிந்தவர் லீப்ஹார்ன். வழக்கோ, கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியிலிருந்து வரும் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுடையது. இந்தப் புழுக்கம் வரிசை முழுவதும் ஓடுகிறது.

நவஹோ வழக்கங்கள் துப்பறிவாளருக்கு எவ்வளவு இடைஞ்சல் தருகின்றன என்பதைக் கவனித்தாலே இந்த நூலின் திறம் விளங்கும். இறந்தவரின் ஆவியான சிண்டி, இறந்த இடத்திலேயே தங்கிவிடும் என்பது மரபான நம்பிக்கை. ஆகவே ஹோகன் எனப்படும் கிழக்குப் பார்த்த வீட்டுக்குள் ஒருவர் இறந்துவிட்டால் அந்த வீட்டையே கைவிட்டுவிடுவார்கள். இறந்தவரின் பெயரையும் உச்சரிக்க மாட்டார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்கும் சாட்சியிடம் எப்படி விசாரிப்பது? ஒரு வீட்டுக்குப் போனால் கதவைத் தட்டக் கூடாது. சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டார் தாமாக வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். எதிரே இருப்பவர் பேசி முடித்தாலும் உடனே வாய் திறக்கக் கூடாது; அவர் இன்னும் ஏதாவது சொல்ல நினைக்கலாம் என்று பொறுத்திருப்பதே மரியாதை. ஒருவன் மிகக் கெட்டவன் என்பதை அவர்கள், உறவுகளே இல்லாதவனைப்போல் நடந்துகொள்கிறான் என்று சொல்வார்களாம். நம் ஊரில் ‘நாதியற்றவன்’ என்பது இரக்கச் சொல். அங்கே அதே கருத்து குற்றச்சாட்டாகிவிடுகிறது. இந்த வேறுபாட்டை நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம்விட முக்கியமானது இந்த நாவலின் களத் தேர்வு. கொலை நடப்பது நவஹோ மக்களிடையே அன்று. பக்கத்திலிருக்கும் சூனி மக்களின் ஊரில். ஷலாக்கோ என்னும் குளிர்காலச் சடங்கில் சிறிய நெருப்புத் தெய்வமாக வரவிருந்த சூனிச் சிறுவன் காணாமற்போகிறான். மணலில் இரத்தம் கிடக்கிறது. அவனுடைய நண்பனான நவஹோச் சிறுவனையும் காணவில்லை. அவனைத் தேடும் வேலை லீப்ஹார்னுக்கு வருகிறது. சூனி மொழி வேறு, தெய்வங்கள் வேறு, வெளியாருக்குச் சொல்லக் கூடாத இரகசியங்கள் வேறு. ஆகவே லீப்ஹார்னும் நம்மைப்போலவே வெளியாள். அவருக்கு எது புரியவில்லையோ அது நமக்கும் புரியாது. அவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது நாமும் அருகில் நின்று கேட்கிறோம். வழக்கத்தைக் கற்பிப்பதற்கென்று கதையை நிறுத்த வேண்டிய தேவையே ஆசிரியருக்கு ஏற்படவில்லை. நான் வைத்த அளவுகோலுக்கு இதைவிட நேர்த்தியாகப் பொருந்தும் அமைப்பை யோசிக்க முடியவில்லை.

எதிர்வாதமும் உண்டு. ஹில்லர்மேன் வெள்ளையர்; நவஹோவும் அல்லர், சூனியும் அல்லர். நவஹோ அரசு 1987இல் அவரைத் தம் மக்களின் நண்பர் என்று கௌரவித்தது உண்மைதான். ஆனால் ஒரு சமூகம் வெளியாருக்குக் காட்ட விரும்பாத சடங்கை வெளியாள் ஒருவர் கொலைக் கதைக்குக் களமாக்கலாமா என்ற கேள்வி அந்தக் கௌரவத்தால் தீர்ந்துவிடாது; கௌரவித்தவர்கள் நவஹோக்கள், சடங்கு சூனிகளுடையது. இதே கேள்வி வான் குலிக்கையும் தொடும். பாமுக்கும் யோகோமிசோவும் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே எழுதியவர்கள் என்பதால் அவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. இதை ஒரு குறையாக ஒதுக்காமல், கூட்டத்தில் அரைமணி நேரம் பேசுவதற்குரிய விஷயமாகவே நான் பார்க்கிறேன்.

ஆக, என் பரிந்துரை ஹில்லர்மேன்தான். தனியாக, இரயில் பயணத்துக்கு ஒன்று வேண்டும் என்று கேட்பவருக்கு யோகோமிசோவைக் கொடுப்பேன். படுக்கைக்கு அருகே வைத்து இரவில் சிறிது சிறிதாக வாசிப்பவருக்கு நீதிபதி டீ ஏற்றவர். ஆங்கிலத்தைத் தவிர்க்கும் இரு நண்பர்களை விட்டுவிட முடியாது என்பதால், அவர்கள் இப்போதே ‘என் பெயர் சிவப்பு’ நாவலைத் தொடங்கிவிடலாம். மற்ற நால்வரும் அடுத்த மாதம் ஹில்லர்மேனை முடித்துவிட்டு அவர்களைப் பின்தொடரலாம். மூன்று மாதம் கழித்துப் பாமுக்குக்கென்றே ஒரு முழு மாலையை ஒதுக்கலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. ஹில்லர்மேனின் பழைய பிரதி ஒன்றுதான் நம்மிடம் இருக்கிறது. அது கைமாறிக் கைமாறித்தான் போக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு வாடகை நூலகம் ஒன்றில் நான் எடுத்த துப்பறியும் நாவலில், எனக்கு முன்பு வாசித்த புண்ணியவான் நாற்பதாம் பக்கத்தில் ஒரு பெயரைப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் ‘இவன்தான்’ என்று எழுதி வைத்திருந்தார். அவர் எழுதியது சரியாகவும் இருந்தது. எனவே நூலை முதலில் எடுத்துச் செல்பவர் கோடு, வட்டம், மடிப்பு எதுவும் போடாமல் அடுத்தவரிடம் தர வேண்டும். குறிப்பு எழுதியே தீர வேண்டும் என்பவர்களுக்கு நான் தனித்தாள் தருகிறேன்.